வேலூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: கிழக்கா, மேற்கா, நேரடியா?

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீட்டுப் பிள்ளைகள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேலை பார்க்கிறார்கள். மகளின் பிரசவத்துக்கோ பேரனின் முதல் பிறந்தநாளுக்கோ யாராவது ஒருவர் கிளம்பும்போதெல்லாம், பிள்ளைகள் அனுப்பிய நான்கைந்து பயணச்சீட்டுப் படங்களை அலைபேசியில் வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். நானும் என் மனைவியும் துபாய் வழியாக ஒருமுறை, லண்டன் வழியாக ஒருமுறை, சிங்கப்பூர் வழியாக ஒருமுறை என்று மூன்று தடவை போய்வந்தவர்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த வழி கிட்ட?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிது. ஆனால் அந்த விடையை மட்டும் வைத்துச் சீட்டு எடுத்தவர்கள் பலர் பிறகு வருந்தியிருக்கிறார்கள். வானத்தில் வழிக்கு வழி இருக்கும் தூர வேறுபாடு நாம் நினைப்பதைவிடச் சிறியது. தரையில் இருக்கும் வேறுபாடு நாம் நினைப்பதைவிடப் பெரியது.

## தூரத்தை எப்படிப் பார்ப்பது

சுவரில் மாட்டும் உலகப்படத்தில் அமெரிக்கா இடக்கோடியில் இருப்பதால், மேற்கே போவதுதான் நேர்வழி என்று தோன்றும். பேரப்பிள்ளைகளின் மேசையில் இருக்கும் பூமி உருண்டையில் சென்னையில் ஒரு நூலின் நுனியை வைத்து, மறுநுனியைச் சான் பிரான்சிஸ்கோவில் விறைப்பாக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் அரபிக்கடல் பக்கமே போகாது. ஆந்திரக் கரையோரமாக வடக்கே ஏறி, ஒடிசா, நேபாளம், திபெத், மங்கோலியா என்று கடந்து, சைபீரியாவின் வடகிழக்கு மூலையைத் தொட்டு, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவுக்கு இறங்கும். அந்த நூலின் அளவு ஏறத்தாழ 13,900 கி.மீ.; பூமியின் சுற்றளவான 40,000 கி.மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

சென்னையிலிருந்து அந்த ஊருக்கு நேரடி விமானம் கிடையாது என்பதால், எந்த வழியை எடுத்தாலும் நூலிலிருந்து கொஞ்சம் விலகித்தான் ஆகவேண்டும். எவ்வளவு விலகல் என்பதைக் கீழே கொடுத்திருக்கிறேன். தூரங்கள் உருண்டைமேல் அளந்த குறைந்தபட்சத் தூரங்கள். காற்று, போர், வான்வெளித் தடை ஆகியவற்றால் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடக் கூடும். நேரங்கள் போகும் பயணத்துக்கு உரியவை, எல்லாம் தோராயம்.

| வழி | முதல் கட்டம் (கி.மீ.) | இரண்டாம் கட்டம் (கி.மீ.) | மொத்தம் (கி.மீ.) | காற்றில் இருக்கும் நேரம் |
|---|---|---|---|---|
| பெங்களூரிலிருந்து நேரடி | 13,990 | – | 13,990 | 16½ மணி |
| சென்னை – டெல்லி | 1,760 | 12,380 | 14,140 | 19 மணி |
| சென்னை – ஹாங்காங் | 3,710 | 11,130 | 14,840 | 18 மணி |
| சென்னை – துபாய் | 2,930 | 13,020 | 15,950 | 20 மணி |
| சென்னை – சிங்கப்பூர் | 2,930 | 13,590 | 16,520 | 19½ மணி |
| சென்னை – பிராங்பர்ட் | 7,590 | 9,150 | 16,740 | 22 மணி |
| சென்னை – லண்டன் | 8,230 | 8,620 | 16,850 | 22 மணி |

சென்னையிலிருந்து புறப்படும் வழிகளில் மிகக் குறுகியதற்கும் மிக நீண்டதற்கும் இடையே 2,700 கி.மீ. வேறுபாடுதான் இருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு அது மூன்று மணி நேரம். இடையில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரமோ இரண்டு மணியிலிருந்து பதினான்கு மணி வரை இருக்கக்கூடும். துபாயும் சிங்கப்பூரும் சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில், எதிரெதிர்த் திசையில் இருப்பதையும் அட்டவணையில் கவனியுங்கள். தூரம் அதிகமான சிங்கப்பூர் வழியில் நேரம் சற்றுக் குறைவதற்குக் காரணம், வடபசிபிக் கடலுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவதுதான்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

என் கணக்கில் முதலிடம், வீட்டு வாசலிலிருந்து மகள் வீட்டு வாசல் வரை ஆகும் மொத்த நேரத்துக்குத்தான். துபாய் வழியை எடுத்துக்கொண்டால், விமானத்தில் இருபது மணி. அதோடு வேலூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு மூன்று மணி, அங்கே சோதனைகளுக்கும் காத்திருப்பதற்கும் மூன்று மணி, துபாயில் மூன்று மணி, சான் பிரான்சிஸ்கோவில் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஒன்றரை மணி, அங்கிருந்து பிரீமான்ட்டோ சான் ஹோசேயோ போக ஒரு மணி. முப்பத்தோரு மணியைத் தாண்டிவிடுகிறது.

அடுத்தது, ஒரே இருக்கையில் தொடர்ந்து உட்காரவேண்டிய மிக நீண்ட கட்டம் எவ்வளவு என்பது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இதுவே முதல் அளவுகோலாக இருக்கவேண்டும். நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அப்படியும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இருக்கும். ஏற்கெனவே இதயம், நரம்பு, மூட்டு என்று மருத்துவம் பார்ப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே சீட்டு எடுக்கவேண்டும். துபாயிலிருந்து பதினாறு மணி நேரம் பறந்து இறங்கியபோது, சென்னையில் தளர்வாகப் போட்டிருந்த செருப்புக்குள் என் மனைவியின் பாதங்கள் நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு நடந்து குடியேற்ற வரிசையில் நின்றாள்.

மூன்றாவதாக, விமானம் மாறும் இடத்தில் கிடைக்கும் அவகாசம். இரண்டு மணிக்குக் குறைந்தால் பதற்றம். ஐந்து மணியைத் தாண்டினால் உடல் சோர்வு. நான்காவதாக, முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருக்கிறதா என்பது. விலையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அது முக்கியமில்லை என்பதால் அல்ல, சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும் விலை முழு விலையாக இருப்பதில்லை என்பதால்.

## பெங்களூரிலிருந்து நேரடி விமானம்

ஏர் இந்தியா 2021 ஜனவரியில் இந்தச் சேவையைத் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூர் வந்த முதல் விமானத்தைப் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டி, வடதுருவத்துக்கு மேலாகக் கொண்டுவந்தார்கள். இடையில் நிறுத்தப்பட்ட சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. இத்தனை நீண்ட வழித்தடங்கள் எரிபொருள் விலையையும் வான்வெளித் தடைகளையும் பொறுத்து நிறுத்தப்படுவதும் திரும்ப வருவதும் வழக்கம் என்பதால், நீங்கள் போகும் மாதத்தில் இது ஓடுகிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஓடுகிறது என்றால் இதன் பெரிய வசதி, எங்கும் இறங்கி ஏறவேண்டியதில்லை என்பதுதான். ஆங்கிலம் பேசத் தயங்கும் தாய் தனியாகப் போகிறார் என்றால் அது சிறிய வசதியல்ல. பெங்களூரில் அண்ணன் ஏற்றிவிட்டால், அங்கே மருமகன் இறக்கிக்கொள்வார்.

இதற்குக் கொடுக்கும் விலை இரண்டு. ஒன்று, பதினாறரை மணி நேரம் ஒரே இருக்கை. மற்றது, வேலூர்க்காரர்களுக்கு மட்டும் உரியது. காட்பாடியிலிருந்து சித்தூர், பலமநேர், முள்பாகல், கோலார், ஹொஸ்கோட்டை வழியாகத் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு 210 கி.மீ. அளவுக்கு ஆகும். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனால் பெங்களூர் நகரத்தையே ஊடுருவ வேண்டும். அந்த நெரிசலுக்கு யாராலும் நேரம் குறித்துக் கொடுக்க முடியாது. நான்கரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கூடுதலாகவும் ஒதுக்கவேண்டும். சென்னை வழியோடு ஒப்பிட்டால் தரையிலேயே இரண்டரை மணி நேரம் இழக்கிறோம். அப்படியும் மொத்தக் கணக்கில் துபாய் வழியைவிட நேரடி விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் மிச்சப்படுத்துகிறது.

நேரடி விமானத்தில் இடையூறே வராது என்றும் நினைத்துவிடக்கூடாது. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் ஒன்று, இயந்திரக் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கிலுள்ள மகதானில் இறங்க நேர்ந்து, ஏற்றிச்செல்ல மாற்று விமானம் வரும்வரை பயணிகள் அங்கேயே இருந்தார்கள். இப்படி நடப்பது மிக அரிது. நடந்தால் பெட்டியில் போட்டுவிட்ட மாத்திரைகள் கைக்கு எட்டா. மூன்று நாள் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லா வழிக்கும் பொருந்தும்.

## துபாய், தோஹா வழி

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்களுக்கு வளைகுடா பழகிய இடம். யாராவது ஒரு உறவினர் அங்கே இருப்பார், வழியும் தெரிந்திருக்கும். சென்னையிலிருந்து விமானங்கள் நிறைய. அங்கிருந்து எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டும் சான் பிரான்சிஸ்கோவுக்கு இடைநில்லாமல் போகின்றன. ஒரு விமானம் தவறினாலும் அடுத்ததில் இடம் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விமான நிலையத்தைவிட்டு வெளியே வராதவரை விசா தேவையில்லை.

இதன் குறை, கட்டங்கள் சமமாகப் பிரியாததுதான். நான்கு மணி நேரம் பறந்து கண் அயரும் நேரத்தில் எழுப்பி இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றிப் பதினாறு மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். நேரடி விமானத்தின் நீளத்தை ஏறக்குறைய முழுதாகவே அனுபவித்து, அதற்குமேல் ஒரு மாற்றத்தையும் சுமக்கிறோம். விலை குறைவாக இருக்கும்போது மட்டுமே இந்த வழி நியாயப்படுகிறது என்பது என் கருத்து. பல மாதங்களில் அப்படிக் குறைவாகவும் இருக்கிறது.

அபுதாபியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கேயே அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை முடித்து அனுப்பும் வசதி 2014 முதல் இருக்கிறது. அமெரிக்காவில் இறங்கியதும் உள்நாட்டுப் பயணியைப்போல வெளியே வந்துவிடலாம். நியூயார்க், சிகாகோ போகிறவர்கள் அதை விசாரிக்கலாம். சான் பிரான்சிஸ்கோ போகிறவர்களுக்கு அது சுற்று.

## லண்டன், பிராங்பர்ட் வழி

அட்டவணையில் கடைசியில் நிற்கும் இந்த வழியைத்தான் மூட்டுவலி உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்கிறேன். பதினொரு மணி, பதினொரு மணி என்று பயணம் நடுவில் சரிபாதியாகப் பிரிகிறது. முதல் பாதியில் ஒரு தூக்கம், இறங்கி இரண்டு மூன்று மணி நேரம் நடமாட்டம், பிறகு இரண்டாம் பாதி. என் மனைவியின் கால் வீங்காமல் போய்ச்சேர்ந்த பயணம் இது ஒன்றுதான். சென்னையிலிருந்து லண்டனுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸும் பிராங்பர்ட்டுக்கு லுப்தான்சாவும் நேரடியாகப் போகின்றன.

இங்கே கவனிக்கவேண்டியது விசா. விமானம் மாறிப் போகும் இந்தியர்களிடமும் பிரிட்டன் அதற்கென்று தனி விசா கேட்கும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கடவுச்சீட்டில் இருந்தால் விலக்கு உண்டு. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால், சீட்டு எடுக்கும் நாளில் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடவேண்டும். கனடா விசா இருக்கிறதே, பசுமை அட்டை இருக்கிறதே என்று பொதுவாக எண்ணிக்கொண்டு கிளம்பக்கூடாது.

இரண்டாவது, மறுபடி நடக்கும் பாதுகாப்புச் சோதனை. மகளுக்குப் பிடிக்கும் என்று ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கி, டப்பாவோடு கைப்பையில் வைத்திருந்தேன். சென்னையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. விமானம் மாறிய இடத்தில் அந்த டப்பாவைத் தனியே எடுத்து, திறந்து, மூக்கருகே கொண்டுபோய், பாகைக் காட்டி, "இது திரவம்" என்றார் அதிகாரி. உள்ளே இருப்பது பேடா என்று நான் சொன்னதை அவர் மறுக்கவில்லை. பேடா மிதந்துகொண்டிருப்பது எதில் என்று கேட்டார். பதில் இல்லை. ஊறுகாய், நெய், மாவடு, பாகு உள்ள எந்தப் பண்டமும் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கறிவேப்பிலையும் முள்ளுக்கத்தரிக்காயும் ஆம்பூர் பிரியாணியும் எந்தப் பெட்டிக்குள்ளும் வேண்டாம். அமெரிக்காவில் இறங்கும்போது பறிமுதல் ஆவதோடு அபராதமும் வரலாம்.

## சிங்கப்பூர், ஹாங்காங் வழி

"அமெரிக்கா மேற்கே இருக்க, கிழக்கே போவானேன்?" என்று கேட்பவர்களுக்கு மேலே சொன்ன நூலே பதில். ஹாங்காங் வழி, சென்னையிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு வழிகளில் தூரமும் நேரமும் மிகக் குறைந்தது. ஐந்தரை மணி, பன்னிரண்டரை மணி என்று ஓரளவு பொறுக்கத்தக்க கட்டங்களாகவும் பிரிகிறது. சென்னையிலிருந்து கத்தே பசிபிக் தினமும் போவதில்லை என்பதுதான் தடை; நம் தேதிக்கு அது வராவிட்டால் அதற்காகத் தேதியை மாற்றவேண்டும், அல்லது ஹாங்காங்கில் இரவு முழுவதும் காத்திருக்கவேண்டும்.

சிங்கப்பூர் வழியில் இரண்டாம் கட்டம் பதினைந்து மணி நேரம். கால்வலிக்காரர்களுக்கு இது துபாயைவிட அதிகம் மேலானதல்ல. இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. சாங்கி விமான நிலையத்தில் வழி கேட்டால் தமிழில் பதில் சொல்ல யாராவது ஒருவர் கிடைத்துவிடுகிறார். தனியாகப் போகும் அம்மாக்களுக்கு, நேரடி விமானம் இல்லாத மாதங்களில், நான் தயங்காமல் சொல்வது இந்த வழியைத்தான்.

கிழக்கே போகும்போது பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் ஒரு வேடிக்கை நடக்கும். ஹாங்காங்கில் மதியம் ஏறியவர், கடிகாரப்படி அதே நாள் காலையில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவார். அந்த ஊர் நம்மைவிடக் குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி நேரமும், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை பன்னிரண்டரை மணி நேரமும் பின்தங்கியது. நம் பகல் ஏறக்குறைய அவர்களுடைய இரவு என்பதால், எத்திசையில் போனாலும் தூக்கம் ஒழுங்காக ஒரு வாரம் ஆகிவிடும். அந்த வகையில் ஒரு வழி இன்னொன்றைவிட உயர்ந்ததில்லை.

## டெல்லி வழி

காகிதத்தில் தூரம் குறைவு. டெல்லியில் நள்ளிரவில் உள்நாட்டு வாயிலில் இறங்கிக் குடியேற்ற வரிசையில் நிற்கும் அலைச்சலும், குளிர்கால மூடுபனியும் அந்தக் குறைவை விழுங்கிவிடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபின், டெல்லியிலிருந்து மேற்கு நோக்கிப் போகும் நீண்டதூர விமானங்கள் சுற்றிக்கொண்டு போகவும் நேர்ந்தது. டெல்லியில் ஒருநாள் தங்கவேண்டிய வேலை இருந்தாலொழிய இதை நான் பரிந்துரைப்பதில்லை.

## வேலூரிலிருந்து மீனம்பாக்கம்

வேலூரின் அப்துல்லாபுரம் விமானத்தளம், சிறு ஊர்களை விமானத்தில் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து, "நம்ம ஊரிலேயே ஏறிவிடலாமே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது சிறிய விமானங்களுக்கான தளம். பன்னாட்டுப் பயணத்துக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகத்தான் வேண்டும்.

மீனம்பாக்கத்துக்கு வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஏறத்தாழ 130 கி.மீ. வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்கள் பெரும்பாலும் பின்னிரவில் புறப்படுவதால், வீட்டை விட்டு இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். காட்பாடியிலிருந்து ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையத்துக்கே போய்விடலாம். இரண்டு மணி நேரமும் முக்கால் மணி நேரமும். தனியாக ஒரே பெட்டியோடு போகும் மாணவர்களுக்கு இதைவிட மலிவான, நேரம் தவறாத வழி இல்லை. இருபத்துமூன்று கிலோ பெட்டி நான்கோடு போகும் முதியவர்கள் கார் வைத்துக்கொள்வதே நல்லது. அந்தக் காருக்குப் போகவர வாடகை, டோல்கேட், ஓட்டுநர் படி எல்லாம் சேரும். பெங்களூருக்கு அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சீட்டு விலையில் நாலாயிரம் குறைகிறதென்று பெங்களூரைத் தேர்ந்தெடுப்பவர்கள், இந்தச் செலவையும் வழியனுப்ப வரும் இரண்டாவது காரையும் கூட்டிப் பார்க்கட்டும்.

## சீட்டில் எழுதப்படாத செலவுகள்

சென்னை–துபாய் ஒரு நிறுவனம், துபாய்–சான் பிரான்சிஸ்கோ வேறொரு நிறுவனம் என்று தனித்தனியாக எடுத்தால் விலை குறையும். முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்துக்கு நம்மிடம் எந்தப் பொறுப்பும் இல்லை; அந்தச் சீட்டு போனது போனதுதான். பெட்டிகளையும் நாமே வெளியே எடுத்து மறுபடி கொடுக்கவேண்டும். அதற்கு அந்நாட்டு விசா வேண்டும். உள்நாட்டுக் கட்டத்தைத் தனியே எடுத்தாலும் சிக்கல்தான். உள்நாட்டில் பொதுவாகப் பதினைந்து கிலோ. அமெரிக்கப் பயணத்துக்கோ இருபத்துமூன்று கிலோப் பெட்டி இரண்டு. நடுவிலுள்ள முப்பத்தொரு கிலோவுக்குச் சென்னைக் கவுண்டரில் கட்டும் பணத்தில், ஒரே சீட்டாகவே எடுத்திருக்கலாம். சில மலிவுச் சீட்டுகளில் ஒரு பெட்டிதான் அனுமதி என்பதையும் படித்துப் பார்க்கவேண்டும்.

அமெரிக்காவுக்குள் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கி மாறும் சீட்டுகளும் குறைந்த விலையில் வரும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்கவேண்டும். அபுதாபி போன்ற இடங்களில் சோதனையை முன்பே முடித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இணைப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது.

எந்த வழி நம்பகமானது என்ற கேள்விக்கு நேர்மையான பதில், எல்லாவற்றுக்கும் ஒரு கெட்ட நாள் உண்டு என்பதுதான். துபாயில் 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழையில் ஓடுபாதைகள் நீரில் நின்றன. லண்டன் ஹீத்ரோ 2025 மார்ச் 21 அன்று, அருகிலிருந்த துணைமின்நிலையத் தீவிபத்தால் மூடப்பட்டது. கத்தார் அதே ஆண்டு ஜூன் 23 அன்று தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. ஒரே சீட்டில் போகிறவர்களை நிறுவனம் வேறு வழியில் அனுப்பியே ஆகவேண்டும். தனித்தனிச் சீட்டுக்காரர்கள் தங்கள் பணத்தில் புதிதாக எடுக்கவேண்டும்.

## யாருக்கு எது

தனியாகப் போகும், ஆங்கிலம் பழகாத பெரியவர் என்றால் நேரடி விமானம். அது ஓடாத மாதத்தில் சிங்கப்பூர். இரண்டிலும் சக்கர நாற்காலி வேண்டுமென்று சீட்டு எடுக்கும்போதே பதிந்துவிடவேண்டும். நடக்க முடிந்தவர்கள்கூட, வழிகாட்ட ஒருவர் கூடவே வருவார் என்பதற்காகப் பதியலாம்.

தம்பதியாகப் போகிறவர்கள், இருவரில் ஒருவருக்காவது மூட்டு அல்லது நரம்புத் தொல்லை என்றால் லண்டன் அல்லது பிராங்பர்ட். இரண்டு மணி நேரம் கூடுதலாகிறது என்று பார்க்கவேண்டாம். பயணம் சரிபாதியாகப் பிரிந்து, நடுவில் நடமாட நேரம் கிடைக்கிறது.

நேரமே முக்கியம், உடலும் ஒத்துழைக்கும், தேதியும் பொருந்துகிறது என்பவர்களுக்கு ஹாங்காங். பிரசவ நேரத்தில் திடீரென்று கிளம்ப நேர்ந்தால் துபாய் அல்லது தோஹா. நாளைக்கே வேண்டுமென்றாலும் இடம் கிடைக்க வாய்ப்புள்ள வழி அது. கைக்குழந்தையோடு திரும்பும் மகள்களுக்கும் இதையே சொல்வேன், நள்ளிரவில்கூட விழித்திருக்கும் விமான நிலையம் என்பதால்.

## திரும்பும்போது

போன வழியிலேயே திரும்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை; ஆனால் ஒரே நிறுவனத்தில் போகவர எடுப்பதுதான் பெரும்பாலும் மலிவு. போகும்போது தள்ளிவிட்ட பசிபிக் காற்று திரும்பும்போது எதிர்த்து நிற்கும். சிங்கப்பூர் வரையான கட்டம் பதினைந்திலிருந்து பதினேழு மணி நேரமாக நீளும். ஐரோப்பா வழியில் அதற்கு நேர்மாறாக, திரும்பும் பயணம் குறுகும்.

தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சென்னையில் ஞாயிறு பின்னிரவு 2.40-க்குப் புறப்படும் விமானத்தை நாம் எல்லோரும் பேச்சில் "சனிக்கிழமை ராத்திரி விமானம்" என்போம். சீட்டில் ஞாயிறு என்று இருப்பதைப் பார்த்து ஞாயிறு இரவு விமான நிலையம் போய் நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். திரும்பும்போது இன்னும் மோசம், ஏனென்றால் நடுவில் ஒரு நாள் காணாமல் போகிறது. சான் பிரான்சிஸ்கோவில் வெள்ளி மாலை ஏறினால் சென்னையில் இறங்குவது ஞாயிறு விடியற்காலை மூன்று மணி. மருமகன் "வெள்ளிக்கிழமை ஏற்றிவிடுகிறேன், மறுநாள் ராத்திரி வந்துவிடுவார்கள்" என்று செய்தி அனுப்ப, என் தம்பி சனிக்கிழமை விடியற்காலைக்கே கார் அனுப்பிவிட்டான். ஓட்டுநர் மீனம்பாக்கத்தில் என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பயணி வெளியே வரும்வரை நின்றிருக்கிறார். நாங்கள் அப்போது சான் பிரான்சிஸ்கோவில் விமானமே ஏறியிருக்கவில்லை. மறுநாள் அதே ஓட்டுநர், அதே அட்டையோடு மறுபடி வந்தார். இரண்டு நாள் வாடகையையும் கொடுத்தேன். இப்போதெல்லாம் ஓட்டுநருக்குக் கிழமையைச் சொல்வதில்லை. தேதியையும் இருபத்துநான்கு மணிக் கணக்கில் நேரத்தையும் எழுதி, விமான எண்ணையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.